அம்மாவோட அட்ரஸ் பாரும் ரெண்டு சுழி ‘ன’வும்

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. காலைல எட்டு மணி இருக்கும். தஞ்சாவூர்லேருந்து அம்மா போன்.

“ஏண்டி, கரண்ட் பில் கட்டலாம்னு உக்காந்தேன். லேப்டாப்பு வேற எங்கயோ கூட்டிட்டுப் போகுது.”

“எங்க போகுது?”

“தெரியல. எப்பவும் போலத்தான் மேல ‘மின் கட்டணம்’னு அடிச்சேன். எப்பவும் வர்ற பக்கம் வரல. வெள்ளையா ஒண்ணு வந்துச்சு, மேல வரிசையா விளம்பரம். முதல்ல இருந்ததை அமுக்கினேன். கரண்ட் பில் கட்டுற எடம் மாதிரிதான் இருந்துச்சு. எடுத்த எடுப்புல கார்டு நம்பர் கேட்டுச்சு.”

எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு.

“குடுத்தியாம்மா?”

“குடுக்கல. ‘மின் கட்டனம்’னு போட்டிருந்தான். மூணு சுழி ண வர வேண்டிய எடத்துல ரெண்டு சுழி ன. எழுத்துப் பிழையோட காசு கேக்கறவனுக்கு நான் ஏன் குடுக்கணும்?”

(அம்மா முப்பது வருஷத்துக்கு மேல தமிழாசிரியை. ரிட்டையர் ஆகி எட்டு வருஷம் ஆச்சு. சிவப்பு மை பேனாவைக் கீழ வெச்சாங்களே தவிர, அந்தக் கண்ணு அப்படியே இருக்கு.)

அன்னிக்கு எங்க வீட்டுக் காசைக் காப்பாத்தினது அந்த ஒரு சுழிதான். அதை நெனைச்சா இப்பவும் படபடங்குது. ஏன்னா பிழையில்லாம எழுதத் தெரிஞ்ச திருடன் வந்திருந்தா?

இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். பிரவுசர்ல டிஃபால்ட் சர்ச் எஞ்சினை மாத்துறது. கேக்க சின்ன விஷயமா இருக்கும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நெனைச்சிட்டிருந்தேன்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அம்மா இதுவரைக்கும் எந்த வெப்சைட் முகவரியையும் முழுசா அடிச்சதே இல்ல. மேல இருக்கற நீட்டப் பெட்டில என்ன வேணுமோ அதைத் தமிழ்ல அடிப்பாங்க, எண்டர் தட்டுவாங்க, வர்றதுல முதல் ஒண்ணு ரெண்டுக்குள்ள இருக்கறதை அமுக்குவாங்க. பேங்க், பென்ஷன், ரயில், கரண்ட் எல்லாத்துக்கும் ஒரே வழி. நாமளும் பாதி நேரம் அப்படித்தானே? முகவரி தெரிஞ்ச சைட்டுக்குக் கூடப் பேரை அடிச்சுத்தான் போறோம்.

அப்போ அந்தப் பெட்டிக்குப் பின்னாடி யாரு உக்காந்து வழி சொல்றாங்கங்கறதுதான் எல்லாமே. ஊர்ல புதுசா வந்து எறங்கினவங்க பஸ் ஸ்டாண்ட்ல ஒருத்தர்கிட்ட வழி கேக்கறோம். அவரு நல்லவரா இருந்தா வீடு போய்ச் சேருவோம். அம்மாவுக்கு எட்டு வருஷமா வழி சொல்லிட்டிருந்த ஆளை ராத்திரியோட ராத்திரியா யாரோ தூக்கிட்டு, அந்த எடத்துல புதுசா ஒரு ஆளை உக்கார வெச்சுட்டாங்க. அவங்க கிட்ட ஒரு வார்த்தை கேக்காம.

---

முதல்ல போன்லயே சரி பண்ணிடலாம்னு பாத்தேன்.

நான் இங்க கோயம்புத்தூர்ல என் லேப்டாப்பைத் திறந்து வெச்சுக்கிட்டு, “மேல வலது ஓரத்துல மூணு புள்ளி இருக்கும், அதை அமுக்கு, செட்டிங்ஸ் போ”ன்னேன்.

“செட்டிங்ஸ்னு ஒண்ணும் இல்லையே. ‘அமைப்புகள்’னுதான் இருக்கு.”

அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. அவங்க குரோம் முழுக்கத் தமிழ். நான்தான் வாங்கின அன்னிக்கே மாத்திக் குடுத்தேன். என்னோடது இங்கிலீஷ். ரெண்டு பேரும் ஒரே வீட்டை வேற வேற வாசல்லேருந்து பாத்துட்டு நிக்கறோம். பத்து நிமிஷம் இது என்ன, அது என்னன்னு ஓடுச்சு. கடைசியா என்னோடதையும் தமிழுக்கு மாத்திட்டேன். (தூரத்துல இருக்கற அப்பா அம்மாவுக்குப் போன்ல சொல்லிக் குடுக்கறவங்க எல்லாரும் முதல்ல இதைச் செய்ங்க. அவங்க திரைல இருக்கற வார்த்தையைத்தான் நாம சொல்லணும்.)

அதுக்கப்புறம் ஒரு தப்பு பண்ணேன். ‘தொடங்கும்போது எந்தப் பக்கம் திறக்கணும்’ங்கற எடத்தை மாத்திட்டு, வேலை முடிஞ்சுதுன்னு போனை வெச்சுட்டேன். பிரவுசரைத் திறந்தா பழைய பக்கம் வருது, அம்மாவுக்கும் சந்தோஷம். மத்தியானம் மறுபடி போன். “திறக்கும்போது சரியாத்தான் இருக்கு. தேடினா அதே வெள்ளைப் பக்கம்.”

இந்த எடத்துல நெறையப் பேர் தடுக்கி விழறாங்கன்னு நெனைக்கறேன், அதனால விவரமாவே சொல்றேன். பிரவுசர்ல பாக்கறதுக்கு ஒண்ணு போல இருக்கற மூணு விஷயம் இருக்கு. திறந்ததும் வர்ற பக்கம் ஒண்ணு. புது டேப் போட்டா வர்ற பக்கம் இன்னொண்ணு. மேல பெட்டில அடிச்சா யாரு கிட்ட கேக்கணுங்கறது மூணாவது. இந்த மூணாவதுதான் டிஃபால்ட் சர்ச் எஞ்சின். முதல் ரெண்டை எத்தனை தடவை மாத்தினாலும் மூணாவது நகராது.

முன்னாடி இவ்வளவு குழப்பம் இல்ல. 2004-ல ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்தப்போ முகவரிக்கு ஒரு பெட்டி, பக்கத்துலயே தேடறதுக்குச் சின்னதா தனிப் பெட்டி. அந்தச் சின்னப் பெட்டில யாரு கிட்ட தேடறோம்னு ஒரு சின்னப் படமும் இருக்கும். 2008 செப்டம்பர்ல குரோம் வந்தப்போ ரெண்டையும் ஒண்ணாக்கிட்டாங்க. வசதிதான், நான் இல்லேங்கல. ஆனா அதுக்கப்புறம் ‘எங்க போறேன்’, ‘யாரைக் கேக்கறேன்’ங்கற ரெண்டு கேள்வியும் நம்ம மனசுலயும் ஒண்ணாயிடுச்சு.

---

சனிக்கிழமை காலைல பஸ் ஏறிட்டேன்.

போய் லேப்டாப்பைத் திறந்து, அமைப்புகள், தேடல் இன்ஜின். அந்த எடத்துல பழைய பேருக்குப் பதிலா முன்னப்பின்ன கேள்விப்படாத ஒரு பேர். மாத்தப் போனா மாறல. பக்கத்துலயே குரோம் ஒரு வரி எழுதி வெச்சிருந்துச்சு: இன்ன எக்ஸ்டென்ஷன் இந்த அமைப்பைக் கட்டுப்படுத்துதுன்னு.

“அம்மா, இது என்ன எக்ஸ்டென்ஷன்? எப்போ போட்ட?”

கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. பென்ஷன் படிவம் ஒண்ணு பிடிஎஃப்ல வந்திருக்கு. அதைத் திருத்தி எழுதணும். ‘இலவசமா மாத்தித் தர்றோம்’னு ஒரு பக்கம் சொல்லிருக்கு. பெரிய பச்சைப் பொத்தான். அமுக்கிருக்காங்க. ‘சேர்’னு கேட்டிருக்கு. சேத்துட்டாங்க. படிவமும் மாறி வந்திருக்கு, அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல.

இதுதான் இந்த மாதிரி எக்ஸ்டென்ஷன்காரங்க வழி. கேட்ட வேலையைச் செஞ்சு குடுத்துடுவாங்க. கூடவே தேடல் பெட்டியைத் தன் பக்கம் திருப்பிப்பாங்க. நாம தேடுற ஒவ்வொரு தடவையும் அவங்க பக்கத்து விளம்பரத்தைத்தான் பாக்கறோம். அதுல காசு. விளம்பரம் யாரு குடுக்கறாங்கன்னு அவங்க பாக்கறதும் இல்ல.

எக்ஸ்டென்ஷனை எடுத்தேன். சரியாச்சு. நிம்மதியா இட்லி சாப்பிட்டேன்.

லேப்டாப்பை ஒரு தடவை அணைச்சுப் போட்டுப் பாப்போம்னு பாத்தா, திரும்ப வந்துடுச்சு. அதே பேர், அதே வெள்ளைப் பக்கம். இந்தத் தடவை எக்ஸ்டென்ஷன் பக்கத்துல நீக்கற பொத்தானே இல்ல.

மெனுவைத் திறந்து கடைசி வரைக்கும் இறங்கினேன். அடில ஒரு வரி. உங்கள் நிறுவனம் இந்த பிரவுசரை நிர்வகிக்குதுங்கற மாதிரி.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எட்டிப் படிச்சாங்க. “நான் ரிட்டையர் ஆகி எட்டு வருஷமாச்சு. எந்த நிறுவனம்டி என்னை நிர்வகிக்குது?”

நியாயமான கேள்வி!

ஆபீஸ் லேப்டாப்ல இந்த வரி வந்தா பயப்பட வேண்டியதில்ல. அங்க ஐடி டிபார்ட்மெண்ட் நூத்துக்கணக்கான மெஷினுக்கு ஒரே நேரத்துல கட்டளை போடறதுக்காக வெச்ச வசதி அது. பாலிசின்னு பேரு. விண்டோஸ்ல ரெஜிஸ்ட்ரிங்கற எடத்துல எழுதி வெச்சா, குரோம் அதை எஜமான் வார்த்தையா எடுத்துக்கும். டிஃபால்ட் தேடல் இதுதான், இந்த எக்ஸ்டென்ஷன் எப்பவும் இருக்கணும், நீக்க விடக் கூடாதுன்னு எல்லாம் எழுதலாம். கம்பெனிகளுக்காகக் கட்டின அந்தக் கதவு வழியாத்தான் இந்த மாதிரி ஆளுங்க வீட்டுக்குள்ள வர்றாங்க. ஆபீஸே இல்லாத வீட்டு லேப்டாப்ல அந்த வரியைப் பாத்தீங்கன்னா விசாரிக்காம விடாதீங்க. (ஆன்டிவைரஸ் மாதிரி நீங்களா போட்ட ஏதாவது ஒண்ணு கூட அதை எழுதிருக்கலாம். அதனால முதல்ல விசாரணை, அப்புறம் தீர்ப்பு.)

விசாரிக்கறதுக்கு எடமும் இருக்கு. அட்ரஸ் பார்ல குரோம், ஒரு முக்காற்புள்ளி, ரெண்டு சாய்கோடு, அப்புறம் பாலிசின்னு இங்கிலீஷ்ல அடிச்சா, யாரு என்ன கட்டளை போட்டிருக்காங்கன்னு பட்டியலே வரும். அம்மாவோடதுல ரெண்டு இருந்துச்சு. ரெண்டுமே அந்த வெள்ளைப் பக்கத்துக்காரங்க வேலை.

ஆனா கட்டளையை எழுதினது யாரு? எக்ஸ்டென்ஷனால ரெஜிஸ்ட்ரில எழுத முடியாது. அப்போ வேற ஒண்ணு விண்டோஸ்குள்ளயே உக்காந்திருக்கணும். விண்டோஸ் செட்டிங்ஸ்ல ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, நிறுவின தேதி வரிசைல அடுக்கினேன். பென்ஷன் படிவம் மாத்தின அதே நாள்ல ஒரு புரோகிராம். பிடிஎஃப் மாத்தறேன்னு வந்த கூட்டத்துல இதுவும் ஒண்ணு. அதைத் தூக்கினேன். அப்புறம் ரெஜிஸ்ட்ரில குரோமோட பாலிசி எடத்துல இருந்த அந்த ரெண்டு வரியையும் அழிச்சேன். (ரெஜிஸ்ட்ரியைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கோங்க. அதே எடத்துல விண்டோஸுக்கு உயிரான விஷயமும் இருக்கு. பழக்கம் இல்லேன்னா தெரிஞ்சவங்களைக் கூப்பிடுங்க, இதுல வீரம் காட்ட வேண்டாம்.)

அணைச்சுப் போட்டேன். வரல. இன்னொரு தடவை அணைச்சுப் போட்டேன். வரல.

கடைசியா டெஸ்க்டாப்ல இருக்கற குரோம் படத்துல ரைட் கிளிக் பண்ணி, ப்ராப்பர்ட்டீஸ்ல அந்த வழி முடியற எடத்துல ஏதாவது வெப்சைட் முகவரி ஒட்டிருக்கான்னு பாத்தேன். அங்கயும் ஒட்டி வெக்கற பழக்கம் இவங்களுக்கு உண்டு. அம்மாவோடது சுத்தமா இருந்துச்சு.

இது எல்லாம் முடிய மத்தியானம் ரெண்டரை.

---

அம்மா காபி கலந்துக்கிட்டே கேட்டாங்க. “நான் தேடுறது வேப்பம்பூ ரசமும் கரண்ட் பில்லும். இதைத் திருப்பி விட்டு அவனுக்கு என்னடி லாபம்?”

நான் அமெரிக்காவுல கூகுள் மேல நடந்த கேஸைச் சொன்னேன்.

திருட்டுத்தனமா உள்ள வர்றவங்களை விடுங்க. வாசல் வழியா முறைப்படி வர்றவங்களே இந்த எடத்துக்கு எவ்வளவு குடுக்கறாங்கன்னு அந்தக் கேஸ்லதான் வெளிய வந்துச்சு. ஐபோன்ல இருக்கற சஃபாரி பிரவுசர்ல டிஃபால்ட்டா இருக்கறதுக்காக 2022-ல மட்டும் கூகுள் ஆப்பிளுக்குக் குடுத்தது 2,000 கோடி டாலர். ரூபா இல்ல, டாலர். சஃபாரி வழியா வர்ற தேடல் விளம்பர வருமானத்துல 36 சதவீதம் ஆப்பிளுக்குன்னு ஒரு சாட்சி வாய் தவறிக் கோர்ட்லயே சொல்லிட்டாரு. 2021-ல இந்த மாதிரி டிஃபால்ட் எடங்களுக்காக எல்லாருக்குமா சேத்துக் குடுத்தது 2,630 கோடி டாலர்.

அம்மா டம்ளரை ஆத்தறதை நிறுத்திட்டாங்க.

“சும்மா முதல்ல நிக்கறதுக்கா?”

ஆமா. சும்மா முதல்ல நிக்கறதுக்கு. ஏன்னா நாம மாத்த மாட்டோம்னு அவங்களுக்குத் தெரியும்.

2024 ஆகஸ்ட் 5-ஆம் தேதி அமித் மேத்தாங்கற நீதிபதி (குஜராத்ல பிறந்தவரு) கூகுள் தேடல்ல சட்டத்துக்குப் புறம்பா ஏகபோகத்தைக் கட்டிக் காப்பாத்துதுன்னு தீர்ப்பு சொன்னாரு. அந்தத் தீர்ப்புல எனக்கு மறக்காத ஒரு கணக்கு இருக்கு. மைக்ரோசாஃப்டோட எட்ஜ் பிரவுசர்ல பிங் டிஃபால்ட். அங்க நடக்கற தேடல்ல கிட்டத்தட்ட 80 சதவீதம் பிங்குலயே நடக்குது. மத்த எடத்துல எல்லாம் கூகுள் கூகுள்னு சொல்ற அதே ஜனம்தான். முன்னாடி எது இருக்கோ அதுலயே தேடிட்டுப் போயிடறாங்க.

அடுத்த வருஷம், 2025 செப்டம்பர்ல, பரிகாரம் என்னன்னு சொன்னாரு. குரோமை விக்க வேண்டியதில்ல. ‘எங்களை மட்டும்தான் வெக்கணும்’ங்கற ஒப்பந்தம் போடக் கூடாது. ஆனா காசு குடுக்கறதுக்குத் தடை இல்ல. எனக்கு அது போதாதுன்னு தோணுது. காசு அதே மாதிரி பாயற வரைக்கும் அந்த எடம் யாரு கைல இருக்குங்கறது நம்ம விருப்பத்தை வெச்சு முடிவாகாது.

நம்ம ஊர்லயும் இது நடந்திருக்கு. 2022 அக்டோபர்ல இந்தியப் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு விஷயத்துல கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபா அபராதம் போட்டுச்சு. அதோட சேத்துச் சொன்ன கட்டளைகள்ல ஒண்ணு, போனை முதல் தடவை தயார் பண்ணும்போதே எந்த சர்ச் எஞ்சின் வேணும்னு ஜனங்களைத் தேர்ந்தெடுக்க விடணுங்கறது. ஐரோப்பாவுல 2020-லேருந்தே புது ஆண்ட்ராய்டு போன்ல அப்படி ஒரு பட்டியல் காட்டறாங்க.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச கதை ஃபயர்ஃபாக்ஸ் கதை. அதை நடத்தற மொஸில்லாவுக்குப் பெரும்பாலான வருமானமே இந்த டிஃபால்ட் எடத்தைக் குடுக்கறதுலதான் வருது. 2014 கடைசில அமெரிக்காவுல கூகுளை எடுத்துட்டு யாஹூவை வெச்சாங்க, அஞ்சு வருஷ ஒப்பந்தம். மூணே வருஷத்துல, 2017 நவம்பர்ல, புது ஃபயர்ஃபாக்ஸ் குவாண்டம் வந்த அன்னிக்கே கூகுளுக்குத் திரும்பிட்டாங்க. நல்ல பிரவுசர், கூகுளுக்கு எதிர்ல நிக்கற பிரவுசர்னு நாம நம்பறது கூட கூகுள் குடுக்கற காசுலதான் மூச்சு விடுது. அதுக்காக ஃபயர்ஃபாக்ஸ் மேல எனக்குப் பிரியம் குறையல. இந்தப் பெட்டியோட விலை அப்படி.

---

சரி, கெட்டதைத் தூக்கியாச்சு. இப்போ யாரை உக்கார வெக்கறது?

எனக்கு ஒரு ஆசை இருந்துச்சு. என் லேப்டாப்ல நான் ஒரு வருஷமா டக்டக்கோ வெச்சிருக்கேன். 2008-ல கேப்ரியல் வைன்பெர்க்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. தேடினதை வெச்சு நம்மளைப் பத்தி ஜாதகம் எழுதி வெக்க மாட்டோம்னு சொல்றாங்க, அது எனக்குப் பிடிச்சிருக்கு. இன்னொரு வசதி, தேடற வார்த்தை முன்னாடி ஒரு ஆச்சரியக்குறியும் ஒரு குறியெழுத்தும் போட்டா நேரா விக்கிப்பீடியாவுக்கோ வேற எடத்துக்கோ கூட்டிட்டுப் போயிடும். அம்மாவுக்கும் அதையே வெச்சுடலாம்னு கை போச்சு.

அப்புறம் நிறுத்திட்டேன். கேக்காம மாத்தினவங்க மேல கோவப்பட்டுத்தானே பஸ் ஏறி வந்தேன்?

அதனால ஒரு பரீட்சை வெச்சோம். அம்மா வழக்கமா தேடற பத்து விஷயத்தை ஒரு தாள்ல எழுதினாங்க. வேப்பம்பூ ரசம். மின் கட்டணம். தஞ்சாவூர் கோயம்புத்தூர் ரயில். ஓய்வூதியர் வாழ்வுச் சான்று. முட்டி வலிக்கு என்ன பண்றது. இப்படி. பத்தும் தமிழ்ல. மூணு சர்ச் எஞ்சின்ல ஒவ்வொண்ணா அடிச்சு, முதல் மூணுக்குள்ள தேவையானது வந்துச்சான்னு பாத்து மார்க் போட்டாங்க. விடைத்தாள் திருத்தற மாதிரி ஓரத்துல டிக், கீழ கூட்டல், அடிக்கோடு. எனக்கு அஞ்சாங்கிளாஸ் ஞாபகம் வந்துடுச்சு.

அவங்க தேர்ந்தெடுத்தது பழைய கூகுளையேதான். “பழகின கடை. எங்க எது இருக்கும்னு கண்ணு தானா போகுது.” எனக்கு அதுல எந்த வருத்தமும் இல்ல. முன்னாடி தானா இருந்துச்சு, இப்போ அவங்களா வெச்சது. உங்க வீட்டுல இந்தப் பரீட்சை வெச்சா வேற விடை வரலாம். இங்கிலீஷ்ல தேடறவங்களுக்கு நிச்சயமா வேற மாதிரி வரும். அவங்கவங்க பத்து கேள்வியை அவங்கவங்க எழுதணும், அவ்வளவுதான்.

போனையும் பாத்துட்டேன். ஆண்ட்ராய்டு போன்ல பிரவுசருக்குள்ள சர்ச் எஞ்சினை மாத்தினா, முகப்புத் திரைல இருக்கற தேடல் பட்டை மாறாது. அது தனி. ஐபோன்ல செட்டிங்ஸ் உள்ள சஃபாரிக்குப் போனா சர்ச் எஞ்சின் பட்டியல் இருக்கும், குடுத்திருக்கற சில பேர்ல ஒண்ணைத்தான் எடுக்க முடியும். ஃபயர்ஃபாக்ஸ்ல பிரைவேட் ஜன்னலுக்குன்னு தனியா ஒரு சர்ச் எஞ்சின் வெச்சுக்கலாம்.

---

இனிமேதான் நான் இந்தப் பதிவையே எழுத உக்காந்ததுக்கு உண்மையான காரணம் வருது.

குரோம்ல டிஃபால்டை மாத்தற பக்கத்துலயே கொஞ்சம் கீழ ‘தளத் தேடல்’னு ஒரு பகுதி இருக்கு. பல வருஷமா அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கேன். அன்னிக்கு அம்மா பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் படிச்சாங்க, அவங்களுக்கு எந்த வரியையும் விட்டுட்டுப் போகத் தெரியாது. “இது என்ன?”ன்னாங்க.

எந்த வெப்சைட்டோட தேடலையும் அட்ரஸ் பாருக்குள்ளயே கொண்டு வர்ற எடம் அது. ஒரு பேரு, ஒரு குறுக்குவழி, ஒரு முகவரி, இந்த மூணையும் குடுத்தா போதும். முகவரில தேடற வார்த்தை வர வேண்டிய எடத்துல மட்டும் சதவீதக் குறி ஒண்ணும் ஒட்டினாப்ல சின்ன இங்கிலீஷ் எஸ் ஒண்ணும் போடணும். நாம அடிக்கற வார்த்தையை பிரவுசரே அந்த எடத்துல கொண்டு போய்ச் சொருகும்.

அம்மா அதிகமா தேடறது சொல்லுக்குப் பொருள். ரிட்டையர் ஆனாலும் பக்கத்துத் தெருப் பசங்க வந்து கேக்கறாங்க, இவங்களும் எதையாவது படிச்சுட்டே இருக்காங்க. சென்னைப் பல்கலைக்கழகத்தோட தமிழ் லெக்சிகன்னா அவங்களுக்கு உயிர். 1924-லேருந்து 1936 வரைக்கும் ஆறு தொகுதியா வந்த பேரகராதி. அம்மா வேலை பாத்த ஸ்கூல் லைப்ரரில அலமாரியோட அடித்தட்டுல இருக்கும். குனிஞ்சு எடுக்கறதுக்குள்ள இடுப்பு பிடிச்சுக்கும்னு சொல்லுவாங்க. இப்போ அது முழுசும் சிகாகோ பல்கலைக்கழகத்தோட இணையதளத்துல தேடற மாதிரி இருக்கு. ஆனா அம்மா அதுக்குப் போற வழி எப்படின்னா, முதல்ல சர்ச் எஞ்சின்ல அகராதி பேரை அடிச்சு, அந்தப் பக்கத்தைக் கண்டுபிடிச்சு, உள்ள போய்ப் பெட்டியைத் தேடி, அப்புறம் சொல்லை அடிச்சு. ஒரு சொல்லுக்கு இவ்வளவு நடை.

சரி, இதைச் சேப்போம்னு ஆரம்பிச்சேன். அந்தத் தளத்துல ‘அம்மா’ன்னு தேடி, வந்த பக்கத்தோட முகவரியைக் காப்பி பண்ணேன். ஒட்டினா, நடுவுல சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமா நீளமா ஒரு வால். எது எங்க தொடங்குது எங்க முடியுதுன்னே தெரியல. ஒரு குறியைக் கூட அழிச்சுட்டேன் போல, தேடினா ஒண்ணும் வரல. மறுபடி. மறுபடியும் வரல.

காரணம் இதுதான். இணைய முகவரிக்குள்ள தமிழ் எழுத்து நேரா போகாது. யூனிகோட்ல ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூணு பைட்டா பிரியும், ஒவ்வொரு பைட்டுக்கும் சதவீதக் குறியோட மூணு எழுத்து. அம்மாங்கற சொல்லுல அ, ம, புள்ளி, ம, காலு, ஆக அஞ்சு குறி. முகவரில அது நாப்பத்தஞ்சு எழுத்து! அதுக்குள்ள நுழைஞ்சு வெட்டி ஒட்டறதுக்குக் கண்ணு வேணும்.

சட்டுனு ஒரு வழி தோணுச்சு. தமிழ்ல எதுக்குத் தேடணும்? பெட்டில 123-ன்னு எண்ணை அடிச்சுத் தேடினேன். அகராதில அப்படி ஒரு சொல் இல்லதான், எதுவும் வராது. ஆனா முகவரில 123 பளிச்சுனு தெரியும். அதை எடுத்துட்டு அந்தச் சதவீதக் குறியையும் எஸ்ஸையும் போட்டேன். முடிஞ்சுது.

அடுத்த சிக்கல் குறுக்குவழிக்கு என்ன பேரு வெக்கறது. இங்கிலீஷ் எழுத்து வெச்சா, முதல்ல கீபோர்டை இங்கிலீஷுக்கு மாத்தி, ஒரு எழுத்து அடிச்சு, மறுபடி தமிழுக்கு மாத்தி… அம்மா பாதி வழில மறந்துடுவாங்க. இதுக்கும் எண்தான் கை குடுத்துச்சு. தமிழ்க் கீபோர்டுல இருந்தாலும் எண்ணு எண்ணுதானே! ஒண்ணு வெச்சேன். அட்ரஸ் பார்ல 1 அடிச்சு, ஸ்பேஸ் தட்டி, சொல்லை அடிச்சு எண்டர் தட்டினா நேரா லெக்சிகன். (ஸ்பேஸா டேபான்னு குரோம்லயே தேர்ந்தெடுக்கலாம். அம்மாவுக்கு ஸ்பேஸ்தான் கைக்குப் பெரிசா இருக்கு.)

அம்மா அடிச்சுப் பாத்தாங்க. பக்கம் வந்துச்சு. ஒண்ணும் சொல்லல. இன்னொரு சொல் அடிச்சாங்க. இன்னொண்ணு. அப்புறம் திரும்பி என்னைப் பாத்து, “அடித்தட்டுல குனிய வேண்டியதே இல்ல”ன்னாங்க. அந்த முகத்தைப் பாக்கறதுக்காகவே இன்னொரு தடவை பஸ் ஏறலாம்.

2-க்கு தமிழ் விக்சனரி. 3-க்கு தமிழ் விக்கிப்பீடியா. (2003-ல ஆரம்பிச்சது. அம்மா அதுல ரெண்டு கட்டுரைல பிழை திருத்திருக்காங்க, அந்தப் பெருமை எங்க வீட்டுக்கு உண்டு.) அட்டைல எழுதிக் கீபோர்டு மேல ஒட்டிட்டு வந்தேன்: 1 பேரகராதி, 2 விக்சனரி, 3 விக்கிப்பீடியா.

ஃபயர்ஃபாக்ஸ் வெச்சிருக்கவங்களும் இதைப் பண்ணலாம். முன்னாடி இதுக்கு மறைஞ்சிருந்த ஒரு அமைப்பைத் தேடித் திறக்க வேண்டியிருந்துச்சு, இல்லேன்னா புக்மார்க்குல குறுக்குவழி வெக்க வேண்டியிருந்துச்சு. 2025-ல வந்த 140-ஆம் பதிப்புலேருந்து செட்டிங்ஸ்லயே நாம விரும்பறதைச் சேக்கலாம். தளத்துல இருக்கற தேடல் பெட்டி மேல ரைட் கிளிக் பண்ணியும் சேக்கலாம், சதவீதக் குறி வேலையே இல்ல.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதறேன்னா, டிஃபால்ட் சர்ச் எஞ்சின்னா எல்லாத்துக்கும் ஒரே ஆள் கிட்ட போய் நிக்கறதுன்னு நாம பழகிட்டோம். சொல்லுக்குப் பொருள் வேணும்னா அகராதி கிட்ட நேரா போகலாம். கட்டுரை வேணும்னா கலைக்களஞ்சியத்து கிட்ட போகலாம். நடுவுல விளம்பரம் பாக்க வேண்டாம், போலிப் பக்கம் முதல்ல வந்து நிக்காது. கரண்ட் பில்லுக்கும் சரியான பக்கத்தை புக்மார்க் பட்டைல வெச்சுட்டேன், ‘மின் கட்டணம்’னு பேரு போட்டு. மூணு சுழி ண சரியா இருக்கான்னு அம்மா சரி பாத்துட்டுத்தான் சேமிக்க விட்டாங்க.

நேத்து ராத்திரி ஒம்பது மணிக்கு மேல போன்.

“அளறுன்னு அடிச்சேன்டி. சேறுன்னும் இருக்கு, நரகம்னும் இருக்கு. ரெண்டும் ஒரே எடத்துல. பாடம் நடத்தும்போது இதைப் பசங்களுக்கு எத்தனை தடவை சொல்லிருக்கேன்.”

“நல்லதும்மா. தூங்கலையா?”

“இரு. நாலு காலியா இருந்துச்சுல்ல? யூட்யூப்பை நானே சேத்துட்டேன். 123 போட்டுத் தேடினேன், நீ சொன்ன மாதிரி அந்த எண்ணை எடுத்துட்டு சதவீதக் குறியையும் எஸ்ஸையும் போட்டேன். இப்போ நாலு, ஸ்பேஸ், எம்.எஸ். சுப்புலட்சுமி. நேரா பாட்டு வருது.”

பின்னாடி தம்புரா கேட்டுச்சு.

“அட்டைல நாலாவது வரி எழுதிட்டேன்”னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க.